இரண்டு ஏசி போதும்

பத்தரை மணிக்கு மூன்றாவது ஏசியின் கம்ப்ரஸர் நின்றுபோனது. கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டிய மெக்கானிக், மாலைதான் வர முடியும் என்று சொல்லிவிட்டார்.

முதலாளி தண்டாயுதபாணி என்னைப் பார்த்தார். கீழே பனியன் கம்பெனி, மேலே பன்னிரண்டு ரேக்குகளில் அடுக்கிய சர்வர்கள், இரண்டுமே அவருடையவை. திருப்பூரின் முப்பது ஏற்றுமதி நிறுவனங்களின் ஆர்டர்கள் அந்த ரேக்குகளில்தான் இருந்தன.

ரேக்குகளின் மேல்விளிம்பிலிருந்து கூரைவரை ஒரு திரை கட்டினால் இரண்டு ஏசி போதும் என்று போன வாரம் அறிக்கை கொடுத்திருந்தேன். சர்வர்களின் பின்பக்கம் வெளியேறும் சூடான காற்று மேலே எழும்பி மறுபடி முன்பக்கம் வந்துவிடுகிறது. அதைத் தடுத்தால் குளிர்ந்த காற்று மட்டும் உள்ளே போகும். கம்ப்யூட்டரில் அறையை வரைந்து காற்றை ஓட்டிப் பார்த்தபோது வெப்பம் இருபத்தைந்து டிகிரியைத் தாண்டவில்லை. திரையை நேற்றே கட்டிவிட்டார்கள்.

"ரெண்டே போதும்னுதான எழுதியிருந்த, கண்ணு?"

"ஆமாங்க சார்."

பதினொன்றரைக்கு முன்பக்க வெப்ப மீட்டர் இருபத்தொன்பது காட்டியது. பன்னிரண்டேகாலுக்கு முப்பத்திரண்டு. முப்பத்தைந்தைத் தொட்டால் சர்வர்கள் தாமாகவே அணைந்துவிடும்.

சிமுலேஷனில் போட்ட எண்களை மறுபடி பார்த்தேன். எல்லாம் சரியாகவே இருந்தன. முதலாளி, எந்தக் கம்பெனிக்கு முதலில் சொல்வது என்று போனில் பெயர்களைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

முன்பக்கம் ஏணி போட்டு ஏறி, திரைக்கு அருகே கையை நீட்டினேன். உள்ளங்கையில் அனல் அடித்தது. திரைத் துணியை வாயருகே இழுத்து ஊதினேன். மறுபக்கம் வைத்திருந்த விரலில் மூச்சு பட்டது.

கம்ப்யூட்டரில் அதை நான் காற்றுப் புகாத சுவராக வைத்திருந்தேன். அறிக்கையில் 'திரை' என்று மட்டும் எழுதியிருந்தேன். வெளியில் எதற்கு வாங்க வேண்டும் என்று முதலாளி சொல்ல, கட்டிங் மாஸ்டர் ஜமால் கீழே இருந்த முதல்தர பனியன் துணியில் ஒரு சுருக்கம் இல்லாமல் தைத்துக் கொடுத்திருந்தார்.

இறங்கி வந்து சொன்னேன்.

"துணி காத்த உடுதுங்க சார்."

"என்ற துணியில குத்தம் சொல்றியா?"

"இல்லீங்க. நல்ல துணிங்க. அதனாலதானுங்க."

ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த ஜமால் சிரிக்காமல் சொன்னார்: "காத்து போகலீன்னா துணி வாங்குற பையர் திருப்பி அனுப்பிச்சிருவானுங்க."

துணியைக் கழற்றினால் கழற்றுகிற நேரத்தில் சூடு இன்னும் பாயும். அதன்மேலேயே பேக்கிங் பிரிவின் பாலிதீன் தாளை ஒட்டச் சொன்னேன். ஜமால் ஏணியில் நின்று ஒட்டினார். நான் டேப்பைக் கிழித்துக் கிழித்து நீட்டினேன். முதலாளி மீட்டரை வாசித்தார். முப்பத்து மூன்றரை. முப்பத்து நான்கு. கடைசி மூலையில் தாள் பிரிந்து தொங்கியது. ஜமால் அதை உள்ளங்கையால் கூரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

முப்பத்து நான்கு புள்ளி நான்கு என்றார் முதலாளி. வெகுநேரம் அதே எண்ணைத் திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு புள்ளி மூன்று என்றார்.

முப்பத்து மூன்றுக்கு இறங்கிய பின்தான் போனைச் சட்டைப்பையில் போட்டார்.

"எதுல தைக்கோணும்னு ஏன் எழுதல?"

"தோணலீங்க சார். என்ற தப்புதானுங்க."

முதலாளி மறுபடி மீட்டரை வாசித்தார்.

"எனக்குந்தான் தோணல," என்றார். பிறகு, ஜமால் கையை எடுக்கலாமா என்று என்னைக் கேட்டார்.

இன்னும் ஒரு டேப் ஒட்டிவிட்டு எடுக்கலாம் என்றேன்.