நல்ல தண்ணீரில் பிழைத்த குஞ்சுகள்

மைக்ராஸ்கோப்பைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடுவார்களோ என்பதுதான் அடைக்கலமேரியின் கவலை. மீன் துறை அதிகாரி கண்ணுசாமி அதைப் புதன்கிழமை ஜீப்பிலிருந்து இறக்கும்போதே சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமைக் கண்காட்சிக்கு ஊர்ச்சனம் வந்து, பார்த்து, நாலு கேள்வி கேட்டால் கருவி ஒரு வருஷம் பள்ளிக்கூடத்திலேயே இருக்கலாம். சும்மா வேடிக்கை பார்த்துவிட்டுக் கலைந்தால் அன்று சாயங்காலமே ஜீப்பில் ஏறிவிடும். அதைக் கேட்டுக் காத்திருக்கும் ஊர்கள் நிறைய.

அது 1958, ஆடி மாதம். மணமேல்குடிக்குத் தெற்கே, ஆறு கடலில் விழும் முகத்துவாரத்தை ஒட்டிய சிற்றூர். அடைக்கலமேரிக்கு ஊர் ஆவூர். டீச்சர் வேலைக்கு இங்கே வரும்வரை அவள் கடலைப் பார்த்ததெல்லாம் மொழிபெயர்ப்பு நாவல்களில்தான். அந்தக் கடல்களில் பனிப்பாறை மிதக்கும், பெரிய பெரிய கப்பல்கள் உடையும். இந்தக் கடலோ முழங்கால் ஆழத்தில் சேறாகவே வெகுதூரம் போனது. முதல் மாதம் அவளுக்குப் பெரிய ஏமாற்றம். பிறகு ஒருநாள் உப்பங்கழியில் ஒரு கைச் சேற்றை அள்ளி வெள்ளைத் தட்டில் பரப்பினாள். எண்ணி முடிப்பதற்குள் ஏழெட்டு விதமான உயிர்கள் நெளிந்து ஓடின. அன்றிலிருந்து அவள் தட்டும் கையுமாகத்தான் திரிந்தாள். வெறுங்கண்ணுக்கே இவ்வளவு என்றால், அந்தக் கண்ணாடிக்கு எவ்வளவு தெரியும்!

கண்காட்சிக்காக அவள் அட்டையில் பெரிதாக எழுதி வைத்த செய்தி இது: 'கழியில் வளரும் குஞ்சுதான் கடலில் பிடிபடும் மீன்.' வள்ளம் வைத்திருக்கும் ஷேக் பரீது அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். கழியில் கிடப்பது பொடிமீன், அது வேறு சாதி, எத்தனை வருஷமானாலும் வளராது என்பது அவர் கட்சி. கண் நெருங்கிய வலையால் அதை அரித்துக் காயவைத்து விற்பவர்களில் அவரும் ஒருவர்.

வெள்ளிக்கிழமை அந்த ஊரில் வள்ளம் இறங்காது. ஜும்மா தொழுகை முடிந்ததும் ஆணும் பெண்ணும் ஓய்வாக இருப்பார்கள் என்றுதான் அவள் அந்த நாளைக் கேட்டு வாங்கினாள். அதனால் காட்ட வேண்டிய உயிர்களை வியாழன் மாலையே பிடித்து வைக்க வேண்டியிருந்தது. இரண்டு பெரிய மண்தொட்டிகள். ஒன்றில் கடல் தண்ணீர், நட்சத்திர மீன் மூன்று, கடலட்டை இரண்டு. மற்றதில் கழித் தண்ணீர், அதில் விரல்நுனி அளவு மடவை மீன் குஞ்சுகளும் இறால் குஞ்சுகளும்.

மறுநாள் காலையில் வகுப்பறையைத் திறந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். இரண்டு தொட்டியிலும் தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது. நட்சத்திர மீன்கள் கை தொய்ந்து கிடந்தன. கடலட்டைகள் குடலைக் கக்கிவிட்டுச் சுருண்டிருந்தன.

பள்ளிக்கூடத்துக்குக் குடிதண்ணீர் கொண்டுவரும் ஜொஹரா பீவி கதவோரம் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். அவளுக்கும் டீச்சர் வயதுதான் இருக்கும்.

"கலங்கலாக் கெடந்துச்சு டீச்சர். வெளியூருலேருந்து அதிகாரி வந்து பாக்கப்போற தண்ணி. பாதியக் கொட்டிட்டு நல்ல தண்ணி ஊத்துனேன். ரெண்டு தொட்டிக்கும் ஒரே அளவுதான் ஊத்துனேன்."

அந்த நல்ல தண்ணீர் இரண்டு மைலுக்கு அப்பாலிருந்து தலையில் வருவது. கல்யாண வீட்டில்கூட அளந்துதான் ஊற்றுவார்கள். அடைக்கலமேரிக்குத் திட்ட வாய் வரவில்லை. வேறு பிடித்துவரச் சொல்லவும் வழியில்லை, இன்று வெள்ளிக்கிழமை. கடல் தொட்டியைத் துணி போட்டு மூடிவிடலாமா என்று நினைத்தாள். மைக்ராஸ்கோப் பெட்டியைப் பார்த்தாள். பிறகு தற்செயலாகக் கழித்தொட்டியில் கண் போயிற்று. மடவைக் குஞ்சுகள் வரிசையாகச் சுற்றிக்கொண்டிருந்தன. இறால் குஞ்சுகள் மீசையை ஆட்டின. ஒன்றுகூடச் சாகவில்லை. அவள் குனிந்தவள் நிமிரவே இல்லை. பயம் எங்கே போயிற்றென்று அவளுக்கே தெரியவில்லை.

ஜும்மா விட்டு ஊர் வந்தது. கண்ணுசாமி நாற்காலியில் அமர்ந்து நோட்டைத் திறந்தார். ஷேக் பரீது தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, செத்த கடலட்டையைச் சூப்பு வைப்பதா வறுப்பதா என்று டீச்சரிடம் கேட்டார். அறையே சிரித்தது. அதிகாரியின் முகம் இறுகியது.

அடைக்கலமேரி மனப்பாடம் செய்திருந்த உரையை விட்டுவிட்டாள். நடந்ததை அப்படியே சொன்னாள், ஜொஹராவின் பெயரை மட்டும் விட்டுவிட்டு. இரண்டு தொட்டிக்கும் ஒரே நல்ல தண்ணீர். இது செத்தது, அது ஏன் சாகவில்லை? தனக்கும் தெரியவில்லை என்றாள்.

பெண்கள் பக்கமிருந்து ஜொஹரா பீவியே முன்னால் வந்தாள்.

"ஊத்துனது நான்தான். ஐப்பசியில ஆத்துல வெள்ளம் வந்தா கழித்தண்ணி இனிச்சுக் கெடக்கும். கோடையில வாயில வைக்க முடியாது, கடலவிட உப்பு. ரெண்டுலயும் இதுக உசுரோடதான் கெடக்கு. அட்டைக்கு அது பழக்கமில்ல."

அதன்பிறகு அறையில் யாரும் சும்மா இருக்கவில்லை. கழியில் எந்த மாதம் எது கிடைக்கும் என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் மறுத்தார். ஐப்பசி வெள்ளம் வடிந்ததும் கழியில் குஞ்சு குறைந்து வெளிக்கடலில் நடுத்தர மடவை வலையில் படுவதை ஒரு கிழவர் சொன்னார். கண்ணுசாமி எழுதிக்கொண்டே இருந்தார்.

ஷேக் பரீது மட்டும் விடவில்லை. "உசுரோட கெடந்தா வளருமுனு அர்த்தமா டீச்சர்? தொட்டியில வச்சு வளத்துக் காட்டுங்க. விரல் நீளம் தாண்டிருச்சுனா என் பொடிவலைய நானே சுருட்டி வைக்கிறேன்."

"வளக்கலாம். அதுக்கு என்ன தீனி போடுறது?" என்று திருப்பிக் கேட்டாள் அடைக்கலமேரி.

அவருக்குத் தெரியவில்லை. ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. கண்ணுசாமி எழுந்து, முந்தின நாள் குஞ்சு பிடித்து வந்த வாளியில், ஜொஹரா கை வைக்காமல் விட்டதால் மிஞ்சியிருந்த கழித் தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடிக்கடியில் வைத்தார். முதலில் பரீதைத்தான் கூப்பிட்டார். பரீது ஒரு கண்ணை மூடி நெடுநேரம் பார்த்தார். பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்தியும் நகரவில்லை. ஒரு சொட்டுக்குள் சந்தைக் கூட்டம் மாதிரி ஓடுகிறது என்றும், அதில் குஞ்சு எதைத் தின்கிறது என்று ஒரு பார்வையில் சொல்ல முடியாது என்றும் கடைசியில் ஒப்புக்கொண்டார்.

"அப்ப இது இங்க இருக்கட்டும்," என்றார் கண்ணுசாமி. "மாசம் ஒருதரம் குஞ்சை அளந்து, தண்ணியப் பாத்து எழுதி அனுப்புங்க. உப்புக் காத்துல கண்ணாடி பூத்துப்போகாம வைக்க எடம் இருக்கா?"

அடைக்கலமேரி சுவரோரம் திரும்பிப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் அலமாரிக்குக் கதவே கிடையாது.

"என் வீட்டுல நெல்லுக் குதிர் இருக்கு," என்றார் பரீது. "உள்ள ஈரம் ஏறாது. ஆனா பாக்கணுமுனா டீச்சர் அங்கதான் வரணும்."

மற்ற ஆண்கள் இதை ஒத்துக்கொள்ளவில்லை. பரீது வீட்டில் இருந்தால் முழு நாளும் அவரே பார்த்துக்கொண்டிருப்பார் என்றார்கள். பெட்டியை எங்கே வைப்பதென்ற தகராறு மாலை அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை நீண்டது.