வால்வுக்குள் இருந்தது

தெருவில் அவருக்குச் செம்புத்தலை என்று பெயர். தொழில் ஃபிரிட்ஜ் ரிப்பேர். ஆனால் முன்னறைக்குள் நுழைந்தால் பழைய கடற்படை முக்குளிப்பாளர்களின் சாமான்தான்: ஈயம் வைத்த பூட்ஸ், காற்றுக்குழாய்ச் சுருள், கண்ணாடி பதித்த செம்பு ஹெல்மெட்டுகள் முப்பத்தொன்பது. கட்டில் போட இடமில்லாமல் மனுஷன் சமையலறையில் பாய் விரித்துப் படுத்தார். பைத்தியம் என்று சொல்லாத வாய் இல்லை.

அது பைத்தியமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அவருடைய அண்ணன் கடற்படையில் முக்குளிப்பவர். முப்பது வருஷத்துக்கு முன்னால் கடலடியில் வேலை செய்யும்போது காற்றுக்குழாய் அறுந்தது. அறுந்தாலும் ஹெல்மெட்டுக்குள் இருக்கும் காற்று வெளியே போகாமல் தடுக்கப் பின்பக்கம் ஒரு வால்வு உண்டு, அதற்குள் ஒரு தோல் வில்லை. ஆனால் பிணமாகத்தான் தூக்கினார்கள். 'வால்வில் குறையில்லை, பதற்றத்தில் அவரே காற்றைத் திறந்துவிட்டார்' என்று எழுதி விசாரணையை மூடினார்கள். கூட வேலை பார்த்தவர்களோ, ஸ்டோரில் தோல் தீர்ந்துபோய் டயர் ட்யூபை வெட்டி வைத்திருந்தார்கள், அது காற்றைத் தாங்காது என்று காதோடு காதாகச் சொன்னார்கள். தோலா, ரப்பரா? அந்த ஹெல்மெட்டைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். அதுவோ பழைய சாமானோடு ஏலத்தில் எங்கோ போய்விட்டது. கழுத்து வளையத்தில் 417 என்று பொறித்திருக்கும் என்பது மட்டும் தெரியும்.

ஆரம்பத்தில் எது வந்தாலும் முதலில் எண்ணைத்தான் பார்ப்பார். பத்து, இருபது என்று ஏற ஏற, மோகம் பிடித்துக்கொண்டது. வந்தவுடன் வால்வைக் கழற்றுவார், உள்ளே மக்கிக் கிடப்பதைச் சுரண்டிக் குப்பையில் போடுவார், வினிகர் தொட்டியில் முக்குவார். கை அது பாட்டுக்கு வேலை செய்யும், எண்ணெல்லாம் அப்புறம்தான்.

நாற்பதாவது ஹெல்மெட் திங்கட்கிழமை வந்தது. எண்ணே தெரியாத அளவுக்குப் பச்சைக் களிம்பு. வழக்கம்போல எல்லாம் நடந்தது. வியாழன் காலை தொட்டியிலிருந்து எடுத்துத் தேய்த்தார். நான்கு, ஒன்று, ஏழு!

தேய்த்த கையோடு அண்ணிக்குப் போன் போட்டார்.

"கிடைச்சிடுச்சு அண்ணி! அண்ணனோடது கிடைச்சிடுச்சு!"

"திறந்துடாதீங்க தம்பி, நான் வந்துடறேன்," என்றாள் அண்ணி.

போனை வைத்த பிறகுதான் வால்வின் காலி வாய் கண்ணில் பட்டது. அட படுபாவி! குப்பைக் கூடைக்கு ஓடினார். குப்பை வண்டி செவ்வாயே வந்து போய்விட்டது. சுரண்டியது கறுப்பாக இருந்தது, அவ்வளவுதான் ஞாபகம். மக்கிய தோலும் கறுப்பு, பழைய ரப்பரும் கறுப்பு. தலையிலடித்துக்கொண்டு அழுதார்.

அண்ணி மூச்சிரைக்க வந்தாள். ஹெல்மெட்டின்மேல் கையை வைத்தபடியே நின்றாள். நடந்ததைச் சொல்லிக் காலில் விழுந்துவிடலாம் என்றுதான் அவர் இருந்தார்.

"சொல்லுங்க தம்பி. தோலா, ரப்பரா?"

"ரப்பர்தான் அண்ணி. உங்களுக்கு முன்னாடியே அவசரப்பட்டுத் திறந்துட்டேன்."

வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"எங்க அது? குடுங்க. பையன்கிட்ட காட்டணும். அவங்கப்பா பயந்தாங்கொள்ளின்னு கேட்டுக் கேட்டே வளர்ந்தவன்."

பின்கட்டுக்குப் போனார். பழைய ஃபிரிட்ஜ் கதவின் ரப்பரை எடுத்து, வட்டமாக வெட்டி, கிரீஸும் அழுக்கும் தேய்த்தார். போலிச் சாமான் கொண்டுவந்த வியாபாரிகளை வாசலோடு விரட்டியவர் அவர். அந்தத் துண்டை இரண்டு கையாலும் கொண்டுவந்து கொடுத்தார்.

அண்ணி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"உங்ககிட்ட சொல்றதுக்கென்ன தம்பி. ஊர்ல எல்லார்கிட்டயும் சண்டை போட்டேனே தவிர, உள்ளுக்குள்ள நானும் அதை நம்பிட்டேன். பயந்துபோய் எங்களை விட்டுட்டீங்களேன்னு முப்பது வருஷம் அவரை மனசுக்குள்ள திட்டியிருக்கேன். மகாபாவி நான்!"

உண்மை எது என்று இனி ஒருவருக்கும் தெரியப்போவதில்லை.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"நீங்க ஒருநாளும் அவரைச் சந்தேகப்படலைல்ல?"

"இல்ல அண்ணி," என்றார், முப்பது வருஷம் தேடியதே அந்தச் சந்தேகத்தால்தான் என்று சொல்லாமல்.