தனசேகரன் படத்துக்கு வைத்த கண்

1978இல் ஜாலான் புசார் ரோட்டில், இரும்புக்கடைக்கு மேல்மாடியில் இருந்த ஸ்டூடியோவில் எனக்கு வேலை. படங்களைத் திருத்துவேன். பரு, தழும்பு, மாறுகண் எதுவானாலும் என் பிரஷ் பட்டால் சரியாகிவிடும் என்று கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. அதுதான் என்னைக் கவிழ்த்தது.

காத்தோங்கிலிருந்து மங்களம் என்ற பெண் வந்தாள், கன்னத்தில் ஒரு மச்சம். புருஷன் தனசேகரன் பாசிர் ரிஸ் கடலில் மூழ்கிப் பத்து நாள். கருமாதிக்கு மாலை போட ஒரு படம் வேண்டும். கையில் இருந்ததோ கோயில் திருவிழாக் கூட்டப் படம் ஒன்றுதான். அதில் அவன் முகம் பச்சைப்பயறு அளவு. பெரிதாக்கினால் கண் இருக்கும் இடத்தில் இரண்டு கரிப்பொட்டு.

“கண்ணு தெளிவா தெரியணும்க்கா. என்னையப் பாக்குற மாதிரி இருக்கணும்,” என்றாள்.

இப்படி வந்தால் வேறு யார் படத்திலிருந்தாவது கண்ணை வெட்டி ஒட்டி, ஓரத்தை மறைத்து, மறுபடி படம் பிடிப்போம். யாருடைய கண் என்று யார் கேட்கப் போகிறார்கள்? அன்று என் மேசையில் கிடந்தது என் வீட்டுக்காரர் சூசைநாதனின் பாஸ்போர்ட் படம். அதையே வெட்டினேன். மங்களம் வாங்கிப் பார்த்து, “அவரேதான்,” என்று அழுதாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கருமாதியன்று படம் அவள் வீட்டுச் சுவரில் ஏறியது. அன்று சாயங்காலம் சாப்பிடும்போது சூசைநாதன் கேட்டார். “நம்ம செவுத்துக்கு யாரு நீல பெயிண்ட் அடிச்சது?”

எங்கள் சுவர் வெள்ளை. “குடிச்சிருக்கீங்களா?” என்று கத்தினேன்.

அவர் பஸ் டிரைவர். மறுநாள் பஸ்ஸை நடுரோட்டில் நிறுத்திவிட்டு வந்துவிட்டார். சிக்னல் தெரியவில்லையாம், குத்துவிளக்குதான் தெரிந்ததாம். “எதிர்ல ஒரு அம்மா உக்காந்து அழுவுது, ஜோசபின். கன்னத்துல மச்சம். யாரு அது?”

மங்களத்தின் மச்சம். மூன்றாம் நாள் என் முகமே அவருக்குத் தெரியவில்லை. குரல் வந்த பக்கம் திரும்பினாரே தவிர, பார்வை அந்த நீல அறையிலேயே இருந்தது.

காத்தோங்குக்கு ஓடினேன். நீலச் சுவர். படத்துக்குள்ளிருந்து என் புருஷன் என்னைப் பார்த்தார். பதினெட்டு வருஷம் பார்த்த பார்வை, எனக்குத் தெரியாதா? பயத்தைவிட அழுகைதான் முந்திக்கொண்டு வந்தது.

“வேற படம் போட்டுத் தரேன், இதைக் குடும்மா.”

“மாட்டேன்க்கா. இவரு பாத்துக்கிட்டு இருக்காருன்னுதான் இந்த ரூம்ல பொடவை மாத்துறேன், பேசுறேன், தூங்குறேன்.”

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். தவளை தன் வாயால்தான் கெடும். உண்மையைச் சொல்லிவிட்டேன்.

மங்களம் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். “அப்ப இத்தனை நாளும் யாரோ ஒரு ஆம்பளையா என்னையப் பாத்துக்கிட்டு இருந்தான்?” சத்தம் போடாமல்தான் கேட்டாள். படத்தை இறக்கி, பிரேமின் பின்பக்கத்தைத் திறந்து உருவினாள். தையல் மெஷின் மேலிருந்த கத்தரிக்கோலை எடுத்தாள். நான் காலில் விழுந்தேன். அவள் கை என்னைவிட வேகம். இரண்டு கண்ணிலும் குத்தினாள்.

டாக்சி பிடித்து வீட்டுக்கு வந்தேன். காரிடார் முழுக்க உச்சிவெயில். கதவருகே நாற்காலியில் சூசைநாதன் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார்.

“ஜோசபினா? அந்தம்மா போயிடுச்சு, நல்லதாப் போச்சு லா. சரி, லைட்டைப் போடு. இன்னும் ஏன் என்னைய இருட்டுல உக்கார வச்சிருக்கே?”