ஒகேனக்கல் பயணத்துக்கு ஒரு சிடி

கவியரசனுக்கு வேலை நிரந்தரமாக இன்னும் பதினேழு நாள் இருந்தது. பயிற்சிக்கு எடுத்தது இருவரை, அவனையும் வித்யாலட்சுமியையும். வைத்துக்கொள்ளப் போவதோ ஒருவரை. முடிவு மேனேஜர் ஷ்ரேயாஸ் கையில். அவர் மனைவி அம்ருதாவைக் குளிரவைத்தால் அவரும் குளிர்ந்துவிடுவார் என்பது கவியரசனின் கண்டுபிடிப்பு. வாணியம்பாடியிலிருந்து பெங்களூர் வந்து ஐந்து மாதத்தில் ஐயா உருப்படியாகக் கற்றுக்கொண்டது, யாருக்கு எங்கே சொறிந்துவிட வேண்டும் என்பதைத்தான்.

ஷ்ரேயாஸ் புதிதாக வாங்கிய குவாலிஸில் ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஒகேனக்கல் போவதாக ஏற்பாடு. வண்டியில் சிடி பிளேயர் உண்டு. “பாட்டெல்லாம் நான் மிக்ஸ் பண்ணி எடுத்துட்டு வரேன் சார்!” என்று முந்திரிக்கொட்டை முந்திக்கொண்டது. அம்ருதா அதைக் கேட்டுவிட்டு ஒரு பழைய கேசட்டைக் கொடுத்தனுப்பினாள். அவளுக்கு ஆறு வயதாக இருந்தபோது அவள் அப்பா வீட்டில் பாடியது. பொதுப்பணித் துறையில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர், போன வருஷம் காலமாகிவிட்டார். “வேற காப்பி கிடையாது, ஸ்வல்ப உஷாரா பாத்துக்கோ” என்று போனில் இரண்டு முறை சொன்னாள்.

அடுகோடியில் ஒரே அறையில் அவனோடு தங்கியிருந்தவன் ரெமிஜியஸ், கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவன். அவன் இரண்டு சாப்ட்வேர் போட்டுக் காட்டினான். ஒன்று சாம்பல் நிறத்தில் அழுமூஞ்சியாக இருந்தது. எந்த ஒயரிலிருந்து எடுக்க, மைக்கை மூடவா திறக்கவா என்று ஒவ்வொன்றையும் கேட்டது. இன்னொன்று ஒரே வண்ணமயம். ஒரு பாட்டு கரைந்து அடுத்த பாட்டுக்குள் போகும்படி தானே ஒட்டிவிடும். எதையும் கேட்காது.

“கேசட்டுக்கு இந்தச் சாம்பலே போதும் மச்சான்” என்றான் ரெமிஜியஸ்.

“போடா, போலீஸ் ஸ்டேஷனாட்டம் இத்தினி கேள்வி கேக்குது! கலர்லதான்டா கெத்து.”

சனிக்கிழமை மத்தியானம் டேப்ரிக்கார்டரைக் கம்ப்யூட்டரில் செருகிப் பதிவு செய்தார்கள். அந்த மனிதர் சங்கீதம் படித்தவர் இல்லை, மேலே போகும்போது குரல் கீறியது. கவியரசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “யோவ் பெருசு, விட்ருய்யா! இந்தக் குரலைக் கேட்டுத்தான் எமன் சீக்கிரமா வந்துட்டான் போல” என்றான். ரெமிஜியஸும் சேர்ந்து சிரித்தான். நடுவில் பாட்டை நிறுத்திவிட்டு அவர் மகளிடம், “எப்பிடிம்மா இருக்கு, அம்மு?” என்று கேட்டார். “கேவலமா இருக்கு சார்!” என்று கத்தி மேஜையைத் தட்டினான் கவியரசன்.

கேசட்டைத் திருப்பிச் சுற்றும்போது டேப்ரிக்கார்டர் நாடாவை மென்று தின்றது. இழுத்தால் துண்டு துண்டாக வந்தது. “மேடம்கிட்ட சொல்லிடுடா” என்றான் ரெமிஜியஸ். “சொன்னா வேலை அம்போதான். அதான் கம்ப்யூட்டர்ல ஏறிடுச்சே” என்று கவியரசன் துண்டுகளை உள்ளே திணித்து மூடினான். சிடியில் பதித்ததும் போட்டுப் பார்த்தான். பார்த்ததெல்லாம் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடங்களை மட்டும். வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போயிற்று. பாட்டின் நடுவில் என்ன இருக்கிறது என்று அந்த மகானுபாவன் கேட்கவே இல்லை.

மறுநாள் வண்டி ஆனேக்கலை நெருங்கும்போது அம்ருதாவின் அப்பா பாடத் தொடங்கினார். முன் சீட்டில் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கண் கலங்கிவிட்டது. “எவ்ளோ சுத்தமா வந்திருக்கு, தேங்க்ஸ் கவி” என்றாள். பின்னால் கவியரசன் வித்யாலட்சுமியை ஓரக்கண்ணால் பார்த்தான். வேலை வந்துவிட்டது என்றே அந்த ஒரு நிமிஷம் நம்பினான், பாவி.

அப்புறம் வண்டிக்குள் அவன் சிரிப்புக் கேட்டது. “யோவ் பெருசு” கேட்டது. “எமன்” கேட்டது. மானிட்டர் மேல் தொங்கிய மைக்கை அந்த வண்ணச் சாப்ட்வேர் யாரையும் கேட்காமல் திறந்து வைத்திருந்தது. “எப்பிடிம்மா இருக்கு, அம்மு?” என்றார் அப்பா. “கேவலமா இருக்கு சார்!” என்றான் கவியரசன். அவன் சத்தத்துக்கு அடியில் ஒரு குழந்தை ஏதோ பதில் சொன்னது, விளங்கவில்லை.

ஷ்ரேயாஸ் வண்டியை ஓரம் கட்டினார். “பிடு அம்ரு, விடு. இவன் கதையை நாளைக்கு ஆபீஸ்ல பாத்துக்கிறேன். கேசட் இருக்கில்ல, வேற யாரையாவது வெச்சு மறுபடி எடுத்துக்கலாம்” என்றார்.

“கேசட்டு எங்கே?” அம்ருதா திரும்பிக் கேட்டாள்.

வித்யாலட்சுமி அவன் மேல் படாமல் முழங்காலை நகர்த்திக்கொண்டாள்.

“சிக்கிக்கிச்சு மேடம்... பிஞ்சிருச்சு.”

“இதுலேர்ந்து உன் குரலை மட்டும் எடுக்க முடியுமா?”

“முடியாது மேடம். ஒண்ணாக் கலந்துடுச்சு.”

ஷ்ரேயாஸ் கதவைத் திறந்துவிட்டார். “இறங்குடா. பஸ் ஸ்டாண்டு கிட்டதான், நடந்து போ.” கவியரசன் தப்பித்தோம் பிழைத்தோம் என்று காலை வெளியே வைத்தான். வேலையாவது மண்ணாவது, அந்த வண்டியை விட்டு ஓடினால் போதும் என்றிருந்தது அவனுக்கு.

“இறங்க வேண்டாம்” என்றாள் அம்ருதா. குரல் உயரவில்லை. “கதவை மூடு. எங்கப்பா இனிமே இதுல மட்டும்தான் இருக்கார். தூக்கிப் போட எனக்கு வழியில்ல. நான் சாகிற வரைக்கும் அவர் பாடறப்பல்லாம் நீ கூடவே சிரிப்ப. இன்னைக்கு ஒருநாள் நீயும் உக்காந்து கேளு.”

அவள் பட்டனை அழுத்தினாள். வண்டி கிளம்பியது. பாட்டு முடிந்ததும் மறுபடி அழுத்தினாள். தளி தாண்டுவதற்குள் நான்கு முறை. ஒவ்வொரு முறையும் அப்பா கேட்கும்போது, அவன் சிரிப்புக்கு மேலே கேட்கும்படி, “ரொம்ப நல்லா இருக்குப்பா” என்று அவள் உரக்கச் சொன்னாள்.

கவியரசன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“இந்தப் பக்கம் பாரு” என்றாள்.