குடிக்காமல் வைத்த காபி

சுற்றுலா ஜீப் ஓட்டும் நவாஃபின் வண்டி அன்று மூன்று தடவை மணலில் புதைந்தது. மூன்று தடவையும் இறங்கித் தள்ளியவர்கள், அம்மான் நகரத்து மருந்துக்கடைக்காரர் ஜிரீஸும் அவர் மனைவி சுஹைரும். வாதி ரம் பாலைவனத்தைச் சுற்றிப் பார்க்க வந்த பாவப்பட்ட ஜோடி, பாதி நாள் ஜீப்பின் பின்பக்கத்தைத்தான் பார்த்தது.

நவாஃபின் கவலையே வேறு. கூடாரக்காரர் ஔதேயிடம் அவர் மகள் ஹம்தாவைப் பெண் கேட்க வேண்டும். இரண்டு வருடமாக, அவர் மீசையைக் கண்டதும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. வருகிற பயணிகளை எல்லாம் அவர் கூடாரத்திலேயே தங்கவைப்பதோடு வீரம் தீர்ந்துவிடும். வழியெல்லாம் ஹம்தா புராணம் பாடி சுஹைரின் காதைத் துளைத்ததுதான் மிச்சம்.

சாயங்காலம் ஔதே கசப்புக் காபி ஊற்றினார். நெஞ்செரிச்சல்காரரான ஜிரீஸ், கோப்பையை வாயில் வைக்காமலே கம்பளத்தில் வைத்துவிட்டார்.

கூடாரத்தில் எல்லோரும் அந்தக் கோப்பையையே பார்த்தார்கள். அந்தப் பக்கத்து வழக்கப்படி, விருந்தாளி குடிக்காமல் வைத்தால் ஏதோ கேட்டு வந்திருக்கிறான் என்று அர்த்தம். கேட்டதை இல்லை என்று சொன்னால் ஔதேயின் மானம் போய்விடும்.

"குடிங்கய்யா, கேட்டது கெடச்சாச்சு! என்ன வேணும், சொல்லுங்க."

நவாஃப் ரகசியமாக ஜிரீஸின் விலாவில் இடித்தான். "சார், பொண்ணு கேளுங்க சார், புண்ணியமாப் போகும்!"

இடுப்பு வலியில் இருந்த ஜிரீஸ் காதில் அது ஏறவில்லை. "ஒட்டகம் குடுங்க. இவன் ஜீப்புல இனி ஏறமாட்டேன்."

"ரெண்டாவே தர்றேன்!" என்றார் ஔதே.

நவாஃபுக்கு அழுகையே வந்துவிட்டது. பாலைவனத்தில் அகப்பட்ட ஒரே அதிர்ஷ்டத்தை ஒட்டகம் கொண்டுபோய்விட்டது.

அவன் முகத்தைப் பார்த்த சுஹைர், தன் கோப்பையையும் டக்கென்று கீழே வைத்தாள்.

"உனக்குமா தாயி?"

"ஆமாண்ணே. ஒங்க ஹம்தாவை இவனுக்குக் குடுங்க. புலம்பலை இன்னொரு நாள் கேக்க எனக்குத் தெம்பில்ல."

தடுப்புத் துணிக்குப் பின்னால் ஹம்தா களுக்கென்று சிரித்தாள். ஔதே சிரிப்பு வந்த பக்கம் பார்த்தார். நவாஃபைப் பார்த்தார். மீசையை இரண்டு தடவை நீவினார்.

"குடிம்மா. குடுத்தாச்சு."

நவாஃப் பாய்ந்து அவர் கையைப் பிடித்து முத்தமிட்டான். ஔதே அந்தக் கையை அப்படியே விரித்து நீட்டினார்.

"சாவியக் குடு மாப்ளே. இனிமே ஜீப்பை ஹம்தாதான் ஓட்டுவா. நீ தள்ளு."