நூல் கட்டிய கிளை

மலர்க் கண்காட்சி மேடையில் வெள்ளிக் கோப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கொழுந்தன் பேசிய பேச்சை நர்சரியம்மா சாகிறவரை மறக்கமாட்டாள். சிறந்த புது எரிக்காப் பூச்செடி வகைக்கான பரிசு அது. குளிர்காலம் தொடங்குவதற்கு முன்பே பூத்துவிடும் வெள்ளை எரிக்கா. அதைக் கண்டுபிடித்தவள் அவள். ஒரு தொட்டியில் சில கிளைகள் மட்டும் அவசரக்குடுக்கையாய் முன்னால் பூத்ததைக் கவனித்து, அந்தக் கிளைகளில் துண்டு வெட்டி நட்டு, பிழைத்ததிலிருந்து மறுபடி வெட்டி நட்டு, வருஷக்கணக்கில் தவம் கிடந்து அதை ஒரு வகையாக நிலைநிறுத்தினாள். "ரெண்டு தொட்டி குடுங்க அண்ணி, நம்ம வாசல்ல அழகுக்கு வச்சுக்கிறேன்" என்று சிரித்துக்கொண்டே வாங்கிப்போனவன், அதற்குத் தன் மகள் பெயரைச் சூட்டி மேடையேறிவிட்டான். போனால் போகிறது என்று அதைக்கூட விட்டிருப்பாள். ஆனால் இறங்குவதற்கு முன் மைக்கில் ஒன்று சொன்னான்.

"இந்தச் செடிக்கு ஆரம்பத்துல தண்ணி ஊத்தின எங்க அண்ணிக்கும் நன்றி."

தண்ணி ஊத்தினவளாம்! கூட்டம் கைதட்டியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் கணவரும் சேர்ந்து தட்டினார். அன்றைக்கு அவள் வயிற்றில் பற்றிய எரிச்சல் பிறகு அடங்கவே இல்லை. என்றைக்காவது ஒருநாள் இதே ஆளை நாலு பேர் முன்னால் மூக்குடைபட வைக்க வேண்டும் என்று மனதுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

கணவர் நல்ல மனிதர்தான். கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. ஆனால் தெருவில் அவருக்கு 'ரேடியோ' என்று பெயர். காதில் விழுந்த எதையும் வாய்க்குள் வைத்துக்கொள்ள அவரால் ஆகாது. காலையில் எழுந்ததும் தம்பியிடம் போனில் பேசாவிட்டால் அவருக்குக் காபி இறங்காது. நர்சரியில் நேற்று முளைத்தது, இன்று வாடியது, மனைவிக்கு முதுகுவலி வந்தது எல்லாம் காபி ஆறுவதற்குள் கொழுந்தன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

எரிக்கா பார்வைக்கு மகா சாது. குட்டைப் புதர், ஊசியாய் மெல்லிய இலை, குளிர் வந்தால் கிளை தெரியாமல் குட்டிக்குட்டி மணிகளாகப் பூத்துத் தள்ளும். வளர்த்துப் பார்த்தால்தான் அதன் ராங்கி தெரியும். மண்ணில் சுண்ணாம்பு கலந்தால் மஞ்சளடித்துப் போய்ச் சேரும். அதனால் குழாய்த் தண்ணீர் ஆகாது. நர்சரியம்மா கூரைத் தகரத்திலிருந்து மழைநீரை டிரம்களில் பிடித்துவைத்து ஊற்றுவாள். எருவைப் போட்டு உபசரித்தாலும் ஒத்துக்கொள்ளாது. வேர் தலைமுடி மாதிரி, ஒருநாள் நன்றாகக் காய்ந்தால் கதை முடிந்தது. இவ்வளவையும் சமாளித்துவிடலாம், கத்திரி விஷயத்தில்தான் மன்னிப்பே கிடையாது. பூத்து முடிந்ததும், பூ இருந்த இடத்துக்குச் சற்றுக் கீழே, பச்சை இருக்கிற இடத்தில் வெட்ட வேண்டும். பச்சையைத் தாண்டிப் பழுப்புக் கட்டையில் கத்திரி இறங்கினால் அந்தக் கிளை மறுபடி துளிர்க்காது. காலில் விழுந்து கெஞ்சினாலும் துளிர்க்காது.

அதற்காகவே அவர்கள் நர்சரியில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். ஏதாவது ஒரு கிளை புதுசாக விசேஷம் காட்டினால் நர்சரியம்மா அதில் சிவப்பு நூல் கட்டுவாள். நூல் கட்டிய கிளையைக் கத்திரி தொடக்கூடாது. நூல் இல்லாத கிளையை யார் வேண்டுமானாலும் வெட்டலாம்.

கோப்பைக்கு அடுத்த குளிர்காலத்தில், பின்சுவர் ஓரம் நின்ற பழைய வெளிர்ரோஜா எரிக்காவில், சுவர்ப்பக்கம் நீண்டிருந்த ஒரே ஒரு கிளை மட்டும் நிறம் மாறிப் பூத்தது. கறுப்பு என்று சொல்ல முடியாது, சிவப்பு என்றும் சொல்ல மனம் வராது. நன்றாகக் கனிந்த திராட்சைத் தோலின் நிறம். எரிக்காவில் அப்படி ஒன்றை அவள் கண்டதும் இல்லை, கேட்டதும் இல்லை. அந்த இடத்திலேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது. பிறகு எழுந்து போய் நூல் கொண்டுவந்து கட்டினாள்.

கணவர் பின்னாலேயே வந்து போட்டோ எடுத்தார்.

"யாருக்கும் அனுப்பிடாதீங்க."

"தம்பிக்கு மட்டும்தாம்மா அனுப்பினேன்."

"அதுக்குள்ளயா?"

"என் கூடப்பிறந்தவன்தானே! ரொம்ப சந்தோஷப்பட்டான். எந்தக் கிளைன்னு கேட்டான், சிவப்பு நூல் கட்டி வச்சிருக்கான்னு சொன்னேன்."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

பூ முடிந்தது. துண்டு எடுப்பதற்குப் பூக்காத இளங்குருத்து வேண்டும், அதுவும் கொஞ்சம் முற்றியிருக்க வேண்டும். குருத்துகள் விட்டு முற்றத் தொடங்கிய சமயத்தில் அவளுடைய அக்கா மகள் கல்யாணம் வந்தது, வெளியூரில். கொழுந்தன் போன் செய்தான். அவனுக்கு மூட்டுவலியாம், கல்யாணத்துக்கு வரமுடியாதாம்.

"நீங்க ரெண்டு பேரும் நிம்மதியா போயிட்டு வாங்க அண்ணி. சாவியைப் பக்கத்து வீட்ல குடுத்துட்டுப் போங்க. நான் வந்து தண்ணி ஊத்துறேன்."

மூட்டுவலிக்காரன் இவ்வளவு தூரம் வந்து தண்ணீர் ஊற்றப்போகிறானாம்! யார் காதில் பூ சுற்றுகிறான்? நர்சரியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உங்களுக்கு எதுக்கு தம்பி சிரமம்?" என்று ஒப்புக்குச் சொல்லிவிட்டு, "சரி, ஊத்துங்க" என்றாள்.

புறப்படுகிற காலையில், கணவர் பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது அவள் பின்சுவருக்குப் போனாள். சுவர்ப்பக்கக் கிளையிலிருந்த நூலை அவிழ்த்தாள். அதை அடுத்த கிளையில், சாதாரண வெளிர்ரோஜாக் கிளையில் கட்டினாள். பூக்காத நாளில் எல்லாக் கிளையும் ஒரே பச்சைதான். பெற்றவளைத் தவிர யாருக்கும் அடையாளம் தெரியாது.

உண்மைக் கிளையிலிருந்து சில துண்டு எடுத்து நட்டுவிட்டுப் போயிருக்கலாம். கத்தியை விரித்துவிட்டாள்கூட. ஆனால் கொழுந்தன் திருடனே தவிர முட்டாள் இல்லை. நூல் ஒரு கிளையில், புது வெட்டு இன்னொரு கிளையில் என்றால் அவனுக்கு மூக்கில் வியர்த்துவிடும். வந்தபிறகு எடுத்துக்கொள்ளலாம், செடி எங்கே ஓடிப்போகிறது? கத்தியை மடக்கினாள். கணவரிடம் சொல்லவில்லை. அவரிடம் சொல்வதும் கொழுந்தனிடமே சொல்வதும் ஒன்றுதான்.

கல்யாணம் முடிந்தும் அக்கா அவளை விடவில்லை. கணவர் மட்டும் முன்னால் திரும்பினார். அவள் வந்து இறங்கியதும் பையைக்கூட வைக்காமல் பின்பக்கம் போனாள். நூல் கட்டிய கிளை மொட்டையாக நின்றது. ஒரு குருத்து விடாமல் வழித்து எடுத்திருந்தான். நெஞ்சு குளிர்ந்துபோனது. வெட்டுடா ராசா, நல்லா வெட்டு என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே சுவர்ப்பக்கம் திரும்பினாள்.

சுவர்ப்பக்கம் கிளையே இல்லை.

"பாத்தியாம்மா?" கணவர் பெருமையாக வந்து நின்றார். "நீ வேலையைத் தள்ளிப்போட்டுட்டே இருந்தியே, நானே வெட்டி முடிச்சிட்டேன். சுவரோரமா ஒண்ணு நீட்டிக்கிட்டு அசிங்கமா இருந்துச்சு, அடியோட எடுத்துட்டேன். நூல் கட்டினதைத் தொடவே இல்ல, கவலைப்படாதே."

"வெட்டினது எங்கே?"

"அன்னிக்கே எரிச்சிட்டேனே."

கத்தினால் ஏன் கத்துகிறாய் என்று கேட்பார். காரணம் சொன்னால் நூல் மாறிய கதை வெளியே வரும், நாளைக் காபிக்கு முன் கொழுந்தனுக்குப் போய்விடும். அவன் துண்டுகளைத் தூக்கி எறிந்துவிட்டுச் சிரிப்பான். நிறமும் போய்ப் பழியும் போனால் அவளுக்கு மிச்சம் என்ன? "கைவலிச்சிருக்குமே" என்று மட்டும் சொன்னாள். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுது தீர்த்தாள். வெளியே வந்தபோது அவளிடம் ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. அவன் விழ வேண்டும்.

வரும் குளிர்காலத்தில் அந்தச் செடி பூத்தால் குட்டு உடைந்துவிடும் என்பதால் மொட்டு முழுவதையும் கிள்ளி எறிந்தாள். "செடிக்கு ஓய்வு வேணுங்க" என்றாள். கொழுந்தனும் தன் கன்றுகள் புதராகச் செழிக்க வேண்டும் என்று நுனி கிள்ளிப் பூக்கவிடாமல் வைத்திருந்தான். கொட்டகை போட்டு, கன்றிலிருந்து கன்றாகப் பெருக்கினான். "அண்ணி செடியிலதான் ரெண்டு துண்டு எடுத்தேன், அண்ணிக்குத் தெரியும்" என்று அண்ணனிடம் சொல்லியிருந்தான். அண்ணன் அதையும் நம்பினார். குடும்பத்தில் யார் வளர்த்தால் என்ன என்பது அவர் கட்சி.

மறுவருஷம் மொட்டு வைத்ததுமே சுவரொட்டி அடித்துவிட்டான். கணவர் எடுத்த அதே போட்டோ, ஆளுயரத்துக்கு. பூ வியாபாரிகளையும் கண்காட்சிக்காரர்களையும் வரவழைத்தான். இனி அவனால் பின்வாங்க முடியாது என்று அவளும் இந்த முறை தன் செடியின் மொட்டைக் கிள்ளவில்லை. அண்ணிக்கும் அழைப்பு வந்தது. கணவருக்குக் காய்ச்சல், அவள் தனியாகப் போனாள். புதுப்புடவை கட்டிக்கொண்டு போனாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது விருந்தாளிகள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். "நாய்க்குடை மாதிரி எங்க பாத்தாலும் இருக்கிற ரோஸ் கலர்யா இது, இதுக்கா இவ்ளோ பந்தா?" என்றார் ஒருவர். இன்னொருவர் சுவரொட்டியைக் காட்டி என்னவோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். காதில் தேன் பாய்ந்தது அவளுக்கு. இன்னும் கொஞ்சம் சிரிக்கமாட்டார்களா என்றிருந்தது.

கொட்டகை நெடுக வெளிர்ரோஜா. கொழுந்தன் பின்னாலிருந்த குழியில் தீ மூட்டியிருந்தான். தள்ளுவண்டியில் செடிகளை வாரிப்போட்டுக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் முகம் உடைந்தது.

"நல்லா வந்து பாருங்க அண்ணி. நான் செஞ்சதுக்கு எனக்கு நல்லா வேணும். உங்களைக் கேக்காம திருடினேன். கோப்பை வாங்கினதும் உங்க செடிக்குத்தான். எல்லார் முன்னாடியும் அசிங்கப்பட்டுட்டேன்."

இந்த வார்த்தைகளுக்காக அவள் எத்தனை நாள் காத்திருந்தாள்! நின்று நிதானமாக ருசித்தாள். "விடுங்க தம்பி, செடின்னா அப்படித்தான்" என்றாள், அவனுக்கு இன்னும் கொஞ்சம் வலிக்கட்டும் என்று. அப்போதுதான் வண்டியைப் பார்த்தாள்.

வண்டியின் ஓரத்தில், மற்றவற்றின் அடியில் நசுங்கி, ஒரு சின்னத் தொட்டி. பின்தங்கி வளர்ந்த நோஞ்சான் கன்று. அதில் ஒரே ஒரு நுனி மட்டும் அப்போதுதான் பிரிந்திருந்தது. கனிந்த திராட்சைத் தோலின் நிறம்.

பேராசைக்காரன் பக்கத்திலிருந்த சுவர்ப்பக்கக் கிளையிலும் ஒரு குருத்தைக் கிள்ளியிருக்கிறான். அது பிழைத்திருக்கிறது. உலகத்தில் அந்த நிறம் இனி அந்த நுனியில் மட்டும்தான்.

கேட்டால் கொடுத்துவிடுவான். இன்றைக்கு அவனிடம் எதைக் கேட்டாலும் கொடுப்பான். ஆனால் கொடுக்கும்போது பார்ப்பான். பார்த்தால் புரிந்துகொள்வான். ஒன்று சரியாக வந்திருக்கிறதே, மற்றது ஏன் வரவில்லை என்று யோசிப்பான், நூல்வரை போய்விடுவான். அழுகிற இந்த முகம் நாளைக்கே நிமிரும். பாதிக் கிளையை எனக்குக் குடுங்க அண்ணி என்பான். மறுபடி ஒரு மேடை, ஒரு மைக். தண்ணி ஊத்தின அண்ணி.

"ஏதாவது வேணும்னா எடுத்துக்கோங்க அண்ணி" என்று சொல்லிக்கொண்டே கொழுந்தன் கண்ணைத் துடைத்தபடி வண்டிப்பக்கம் திரும்பினான்.

அவள் கை அவனை முந்திக்கொண்டது. அந்தத் தொட்டியைப் பூ தெரியாமல் அள்ளி எடுத்துக் குழிக்குள் எறிந்தாள். எரிக்கா பச்சையாக இருந்தாலும் சடசடவென்று பிடித்துக்கொள்ளும், பிடித்துக்கொண்டது. பிறகு அடுத்ததை எறிந்தாள். அதற்கடுத்ததையும். வண்டி காலியாகும்வரை நிற்கவில்லை.

"இத்தனைக்கும் அப்புறம் எனக்குக் கைகுடுக்க நீங்கதான் இருக்கீங்க அண்ணி" என்று அவன் தேம்பினான்.

வீட்டுக்கு வந்தபோது கணவர் போர்வையோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தார்.

"என்ன கலர் பூத்துச்சும்மா?"

"வெளிர் ரோஸ்."

"எல்லாமேவா?"

"எல்லாமேதான்."

அவர் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். "நம்ம செடி போன வாரம் பூத்துச்சே, நூல் கட்டின கிளையும் வெளிர் ரோஸாத்தான் பூத்துச்சு. அப்பதான் எனக்கு உறைச்சது. அந்தக் கலர் சுவர்ப்பக்கம்தானே வந்துச்சு? நூல் எப்படியோ நழுவிப்போய் அடுத்ததுல மாட்டியிருக்கு, நான் பாக்காம வெட்டிட்டேன். யார்கிட்டயும் சொல்லலம்மா. தம்பிகிட்ட ஒண்ணாவது இருந்துட்டா அவன் கையைக் காலைப் பிடிச்சாவது வாங்கி உன்கிட்ட குடுத்துடலாம்னு இருந்தேன்." அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "ஒண்ணுகூட இல்லையா?"

"இல்லைங்க."

"அப்போ உன் பூவை நான்தான்மா கொன்னுட்டேன்."

அவள் இல்லை என்று சொல்லவில்லை. புடவையில் புகைநாற்றம் அடித்தது, மாற்றிக்கொள்ள உள்ளே போனாள்.