ஒரு கட்டை தள்ளி

“ஏண்டா, வூட்டுக்குப் போறவன் நேர் ரோட்ல போனா இன்னா சுகம்? கொஞ்சம் முள்ளு மேல நடந்துக்கினு போனாத்தான் வூடு வூடா தெரியும்” என்றான் தானியேல்.

“நல்ல ரோடு கீது. எதுக்கு முள்ளு?” என்றேன்.

“அதான் உன்கிட்ட பேஜாரு. ரோட்லயும் போவமாட்டே, முள்ளுலயும் போவமாட்டே.”

தானியேல் காவாந்தண்டலத்தில் என்னோடு படித்தவன். பட்டணத்தில் ஒரு ஓட்டல் வாத்தியக் குழுவில் பியானோ வாசித்துக்கொண்டிருந்தான். அறுபத்து மூன்றில் கிறிஸ்துமஸுக்கு வந்தபோது, உத்திரமேரூரில் எங்கள் மிஷன் கோயில் பியானோவின் முன் என்னை உட்காரவைத்து, ஆல்டர்ட் ஸ்கேல் என்ற சுர வரிசையைச் சொல்லிக்கொடுத்தான்.

விஷயம் சின்னதுதான். சில சுரங்களைச் சேர்த்து அழுத்தினால் கார்டு. ஜி செவன்த் கார்டு எப்போதும் தன் வீடான ஸி கார்டுக்குத் திரும்பத் துடிக்கும். அந்தத் துடிப்பை இன்னும் கூட்ட வேண்டுமானால், ஜி, பி, எஃப் மூன்றையும் விட்டுவிட்டு மற்ற சுரங்களையெல்லாம் இடம் பெயர்க்க வேண்டும். சுலபமான வழி, ஜிக்கு அடுத்த கறுப்புக் கட்டையின் மெலோடிக் மைனர் வரிசையை ஜியிலிருந்து தொடங்கி வாசிப்பது. தானியேல் வாசித்தால் மழைக்கு முந்தைய இருட்டு போலிருந்தது. நான் வாசித்தால் பூனை கட்டைகள் மேல் ஓடியது போலிருந்தது. அவன் பஸ் ஏறிய பிறகும் விடாமல் பழகினேன். விரலுக்கு வந்துவிட்டது. விரலுக்கு வந்ததெல்லாம் புரிந்துவிட்டதாக நினைப்பது என் சுபாவம்.

இதில் பாக்கியமேரி டீச்சர் எங்கே வருகிறாள் என்றால், பியானோவுக்குப் பக்கத்தில் வருகிறாள். மிஷன் பள்ளியில் நான் கணக்கு, அவள் தையல். பாடகர் குழுவில் அவள் நிற்கும் இடம் என் இடது தோளுக்குப் பின்னால். பயிற்சி முடியும் ஒவ்வொரு சனிக்கிழமையும் அவளிடம் ஒன்று கேட்கவேண்டும் என்று எழுந்திருப்பேன். “குடை கொண்டாந்தீங்களா டீச்சர்?” என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவேன். கோடைக்காலத்திலும் இதையேதான் கேட்டேன்.

தை மாதத்தில், செங்கல்பட்டிலிருந்து அவளைப் பெண் பார்க்கத் திங்கட்கிழமை வருகிறார்கள் என்று பள்ளியில் பேச்சு வந்தது. புத்தியுள்ளவன் அன்றைக்கே வாயைத் திறந்திருப்பான். நான் சனிக்கிழமை நடக்கவிருந்த எங்கள் சபைப் பெண் பவளத்தின் கல்யாணத்தில் ஆல்டர்ட் ஸ்கேல் வாசிப்பது என்று முடிவு செய்தேன். அதைக் கேட்டால் என் மனசு அவளுக்குத் தானாகத் தெரிந்துவிடும் என்பது என் கணக்கு. பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து நான் சம்பளம் வாங்கியதை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. கடைசிப் பாட்டின் ஆமெனுக்குப் பியானோவின் முடிவுக் கார்டு விழாமல் யாரும் உட்காரமாட்டார்கள். பியானோவை விட்டுப்போன மிஷன் அம்மாள் பழக்கிய பழக்கம். பாட்டுத் தெரியாதவர்களுக்குக்கூட அந்தக் கார்டு தெரியும்.

கல்யாணத்தன்று கடைசிப் பாட்டு முடிந்து, ஆமெனின் ‘ஆ’ ஜி செவன்தில் நின்றது. நான் ஆல்டர்ட் ஸ்கேலில் ஏறினேன். சபை ‘ஆ’வை இழுத்தது. நான் இறங்கினேன். இறங்கிய இடம் ஸி அல்ல. மறுபடி ஏறினேன். ஏரி நிறைந்த வருஷம். ஈரத்தில் ஊதிய கட்டைகள் அழுத்தினால் எழவில்லை. சபைக்கு மூச்சுத் தீர்ந்தது. ஆனால் ஒருவரும் உட்காரவில்லை. மாலையும் வியர்வையுமாகப் பவளமும் மாப்பிள்ளையும் நின்றார்கள். வெளியே பந்தலிலிருந்து பிரியாணி வாசனை வந்தது. போதகர் ஐயா ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்தார். பின்வரிசையில் யாரோ, பெட்டிக்குள் எலி பூந்துக்கினு கீது என்று மெதுவாகச் சொன்னார்கள்.

அப்போது என் இடது தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டது. வளையல் கட்டைமேல் இடிக்க, மூன்று விரல்கள் ஸி, ஈ, ஜி மூன்றையும் அழுத்தின.

“மென்” என்றது சபை. உட்கார்ந்தது.

எல்லோரும் சாப்பிடப் போனபிறகு நான் மட்டும் பியானோவை விட்டு நகரவில்லை. அவமானத்தில் பசி வரவில்லை என்று சொன்னால் பொய். பந்தியில் முகம் காட்டத்தான் பயம். என் சுரங்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன். ஏ ஃபிளாட் ஒரு கட்டை இறங்கினால் ஜி. டி ஃபிளாட் ஒரு கட்டை இறங்கினால் ஸி. ஈ ஃபிளாட் ஒரு கட்டை ஏறினால் ஈ. அவள் அழுத்திய அதே மூன்று. நான் அத்தனை நேரமும் வீட்டு வாசலிலேயே முட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பாட்டுப் புத்தகத்தை எடுக்கப் பாக்கியமேரி திரும்பி வந்தாள். ஏதாவது பேசவேண்டுமே என்று இதையே அவளுக்கு அழுத்திக் காட்டினேன். பொறுமையாகப் பார்த்தாள்.

“இவ்ளோ கிட்ட வந்துட்டு ஏன் சார் இறங்கல?”

“இறங்குற இடம் தப்பாயிடுமோன்னு ஒரு பயம் டீச்சர்.”

அவள் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள். “திங்கக்கெழம செங்கல்பட்டுக்காரங்க வராங்க. தெரியுமா?”

“தெரியும்.”

“தெரிஞ்சிக்கினா இத வாசிச்சிக்கினு கீறீங்க?”

அவள் கண் கலங்கியிருந்தது. என் வாயில் முதலில் வந்தது குடைதான். விழுங்கினேன். எழுந்து நின்றேன். கை பழக்கத்தில் கட்டைகளைத் தேடியது, மூடியைச் சாத்தினேன்.

“மேரி, என்னைக் கட்டிக்கிறியா?”